களிமண்ணில் ஒளிந்திருந்த உலோகம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்)

நமது கரிம வேதியியல் பாடநூலின் முதல் அத்தியாயத்தில் பிரெடெரிக் வோலர் என்னும் பெயர் ஒரே ஒரு வரியில் வந்து போகிறது. 1828-ஆம் ஆண்டு யூரியாவை ஆய்வகத்தில் தயாரித்தவர் என்று எழுதிவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதற்கு முந்தைய ஆண்டில் அதே கைகள் செய்த மற்றொரு செயலை நாம் அவ்வளவாக எழுதுவதில்லை. அது ஒரு சிறிய மூசையில் நடந்த கடுமையான வினை. அதன் பயனாகக் கிடைத்தது கைப்பிடிக்கும் குறைவான சாம்பல் நிறத் தூள். அந்தத் தூளின் வழிவந்த பாத்திரங்களில்தான் நம்மில் பலருடைய வீடுகளில் இன்றும் சோறு வடிக்கிறார்கள். அந்த மனிதரின் வாழ்க்கையை என் சக மாணவ நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இளமையும் துருத்தியும்

ஜெர்மனி நாட்டில் பிராங்பர்ட் நகரை அடுத்த எஷர்ஸ்ஹைம் என்னும் சிற்றூரில் 1800-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 31-ஆம் நாள் வோலர் பிறந்தார். தந்தையார் கால்நடை மருத்துவமும் வேளாண்மையும் அறிந்தவர். பள்ளியில் வோலர் முதல் மாணவர் அல்லர். பாடப் புத்தகத்தைவிடக் கற்களின் மீதே அவருக்கு நாட்டம் அதிகம். கனிமங்களைத் தேடித் திரட்டுவதும், நண்பர்களுடன் மாற்றிக்கொள்வதும், வீட்டிலேயே சோதனைகள் செய்து பார்ப்பதும் அவருடைய பொழுதுபோக்கு.

அக்காலத்தில் இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி என்னும் அறிஞர் மின்சாரத்தைக் கொண்டு பொட்டாசியம் என்ற புதிய உலோகத்தைப் பிரித்தெடுத்து உலகை வியக்கச் செய்திருந்தார். அது நடந்தது 1807-ல். தண்ணீரில் போட்டால் தீப்பற்றி ஓடும் அந்த உலோகத்தைத் தானும் காண வேண்டும் என்று சிறுவன் வோலருக்கு ஆசை. துத்தநாகத் தகடுகளையும் செப்புக் காசுகளையும் அடுக்கி ஒரு மின்கலத்தை அவரே அமைத்தார். பிறகு கரி உலையில் மூசையை வைத்து, வெப்பத்தால் பொட்டாசியத்தைப் பெறவும் முயன்றார். உலை தணியாமல் இருக்க யாராவது துருத்தியை ஓயாமல் இயக்க வேண்டுமல்லவா? அந்த வேலையைச் செய்தவர் அவருடைய சகோதரி.

வோலரைப் பற்றிப் படித்தபோது என் மனத்தில் முதலில் நின்றது இந்த இடம்தான். பாடநூலில் அச்சகோதரிக்கு இடமில்லை. ஆனால் உலை எரிந்தது அவர் கையால். என் அக்கா பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு தையல் எந்திரத்தின் முன் அமர்ந்தவர். நான் கல்லூரிக்குச் செலுத்தும் கட்டணத்தில் அவருடைய மிதிக்கட்டையின் ஓசை இருக்கிறது. நம் கல்லூரியில் முதல் தலைமுறையாகப் பட்டப்படிப்புக்கு வந்திருக்கும் ஒவ்வொருவர் வீட்டிலும் இப்படித் துருத்தி இயக்கும் ஒருவர் இருப்பார் என்று நினைக்கிறேன்.

மருத்துவம் படித்து வேதியியலுக்கு வந்தவர்

வோலர் 1820-ல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். தங்கியிருந்த அறையையே ஆய்வகமாக்கிக் கொண்டார். அங்கிருந்த வேதியியல் பேராசிரியருக்கு இது பிடிக்கவில்லை. மருத்துவ மாணவனுக்கு இந்த வேலை எதற்கு என்று கண்டித்தார். பின்னர் வோலர் ஹைடல்பர்க் சென்று கிமெலின் என்னும் புகழ்பெற்ற பேராசிரியரை அடைந்தார். கிமெலினோ மாணவனின் திறமையைக் கண்டுகொண்டு, வகுப்பில் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை, ஆய்வகத்துக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். ஒரே மாணவன், இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கதவைச் சாத்தினார், மற்றவர் திறந்தார்.

1823-ல் மருத்துவப் பட்டம் கிடைத்தது. ஆனால் கிமெலினின் அறிவுரைப்படி வோலர் மருத்துவத் தொழிலைக் கைவிட்டு, சுவீடன் நாட்டின் தலைநகரான ஸ்டாக்ஹோமுக்குப் புறப்பட்டார். அங்கே அக்கால வேதியியல் உலகின் தலைமகனாக விளங்கிய பெர்சீலியஸ் இருந்தார். நாம் இன்று எழுதும் தனிமக் குறியீடுகளை வகுத்துத் தந்தவர் அவரே. அவருடைய ஆய்வகமோ மிக எளிமையானது. பாத்திரங்களைக் கழுவித் தருபவர் அவர் வீட்டுச் சமையற்கார அம்மையார். அங்கே ஏறத்தாழ ஓராண்டு வோலர் பயின்றார். அவசரப்பட்டு ஒரு பகுப்பாய்வை முடித்துக் கொண்டுவந்தால், வேகம் இருக்கிறது, வேலை சரியில்லை என்று பெர்சீலியஸ் திருத்துவாராம். துல்லியம் என்னும் பாடத்தை வோலர் அங்கேதான் கற்றார். குருவின் மீது கொண்ட அன்பினால், பெர்சீலியஸ் சுவீடிய மொழியில் எழுதிய ஆண்டறிக்கைகளைப் பல ஆண்டுகள் ஜெர்மன் மொழியில் பெயர்த்துத் தந்தார்.

மூசைக்குள் ஒரு போர்

1825-ல் வோலர் பெர்லின் நகரத் தொழிற்பள்ளியில் ஆசிரியரானார். பல்கலைக்கழகப் பதவி அன்று. தொழில் கற்க வரும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை. இங்கேதான் அவருடைய பெயரை நிலைநாட்டிய இரண்டு செயல்களும் நிகழ்ந்தன.

புவியின் மேலோட்டில் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு அலுமினியம். உலோகங்களில் இதுவே அங்கு மிகுதி. ஆனாலும் இரும்பையும் செம்பையும் அறிந்திருந்த மனித இனம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதைத் தனி உலோகமாகக் கண்டதில்லை. காரணம், அது ஆக்சிஜனை விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டு களிமண்ணிலும் பாறையிலும் ஒளிந்திருந்தது. இரும்புத் தாதுவைக் கரியுடன் சேர்த்து உலையில் இட்டால் இரும்பு பிரிந்துவிடும். அலுமினாவிடம் அக்காலக் கரி உலைகளின் வெப்பம் பலிக்கவில்லை. பொட்டாசியத்தையே பிரித்த டேவியும் இதில் வெற்றி பெறவில்லை. உலோகம் கைக்கு வருமுன்னரே அதற்குப் பெயர் சூட்டியது மட்டும் அவரால் முடிந்தது.

1825-ல் டென்மார்க் அறிஞர் ஓர்ஸ்டெட் ஒரு புதிய வழியைக் கண்டார். மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்று 1820-ல் கண்டறிந்தாரே, அவரேதான். அலுமினாவையும் கரியையும் சேர்த்துச் சூடாக்கி அதன்மேல் குளோரின் வாயுவைச் செலுத்தி, நீரற்ற அலுமினியம் குளோரைடைப் பெற்றார். பிறகு அதனைப் பொட்டாசிய இரசக் கலவையால் ஒடுக்கி, வெள்ளீயம் போன்ற ஓர் உலோகத் துணுக்கைக் கண்டதாக அறிவித்தார். அவர் பிற ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தமையால் இதனை மேற்கொண்டு தொடரவில்லை. வோலர் அதே முறையைச் செய்து பார்த்தபோது அலுமினியம் கிடைக்கவில்லை.

அப்போது வோலர் யோசித்தார். இரசம் எதற்கு? பொட்டாசியத்தையே நேரடியாக அலுமினியம் குளோரைடுடன் சேர்த்துச் சூடாக்கினால் என்ன? எண்ணம் எளிது, செய்கை கடினம். இரண்டு பொருள்களுமே அடங்காதவை. பொட்டாசியம் காற்றையும் ஈரத்தையும் பொறுக்காது. நீரற்ற அலுமினியம் குளோரைடோ ஈரக் காற்றுப் பட்டாலே புகையும். இரண்டும் வெப்பத்தில் சந்தித்தால் கண்ணாடிக் கலம் தாங்காது. ஆகவே வோலர் ஒரு சிறிய பிளாட்டினம் மூசையை எடுத்துக்கொண்டு, அதன் மூடியைக் கம்பியால் கட்டினார். வெளியிலிருந்து கொடுத்த சூடு சிறிதளவே. வினை தொடங்கியதும் உள்ளிருந்து எழுந்த வெப்பத்தால் மூசை தானே தகதகவெனக் கனன்றது.

உள்ளே நடந்தது என்ன? பொட்டாசியத்துக்குக் குளோரின் மீதுள்ள நாட்டம் அலுமினியத்துக்கு உள்ளதைவிட மிகுதி. எனவே அது அலுமினியத்திடமிருந்து குளோரினைப் பறித்துக்கொண்டு பொட்டாசியம் குளோரைடாகிறது. இந்த மாற்றத்தில் வெளிப்படும் ஆற்றலே மூசையைக் கனல வைக்கிறது. நாம் முதலாண்டில் படித்த வெப்ப உமிழ்வினைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. மூசை நன்றாக ஆறிய பிறகு அதிலிருந்ததை நீரில் இட்டார் வோலர். உப்பு கரைந்து போயிற்று. அடியில் சாம்பல் நிறத் தூள் தங்கிற்று. வெயிலில் உற்று நோக்கினால் அதில் சின்னஞ்சிறு உலோகப் பொறிகள் மின்னின. ஆண்டு 1827.

அதே பாதையில் 1828-ல் பெரிலியத்தையும் இட்ரியத்தையும் வோலர் தூளாகப் பெற்றார். அதே ஆண்டில் பிரெஞ்சு வேதியியலர் புஸ்ஸியும் தனியாகப் பெரிலியத்தைக் கண்டார்.

ஆனால் அலுமினியத் தூளை ஒன்று சேர்த்து உருக்கிக் கட்டியாக்க முடியவில்லை. ஒவ்வொரு துகளின் மேலும் படிந்திருந்த ஆக்சைடு ஏடு அவற்றை ஒட்டவிடவில்லை. வோலர் விட்டுவிடவில்லை. வேறு பணிகளுக்கிடையே மீண்டும் அதற்குத் திரும்பினார். 1845-ல், அதாவது பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், குண்டூசித் தலையளவு உலோக மணிகள் கிடைத்தன. அவற்றைத் தட்டிப் பார்த்தார், தகடாயின. எடை போட்டு அடர்த்தியை அளந்தார். இந்த உலோகம் வியக்கத்தக்க அளவு இலேசானது என்று உலகம் அப்போதுதான் அறிந்தது.

யூரியாவும் நட்பும்

1828-ல் நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அம்மோனியம் சயனேட்டைத் தயாரிக்க முயன்ற வோலருக்கு எதிர்பாராத வெண்படிகம் கிடைத்தது. சோதித்துப் பார்த்தால் அது சிறுநீரிலுள்ள யூரியாவேதான். உயிருள்ள உடலின் துணையின்றி இப்பொருளைச் செய்ய முடிந்ததை மகிழ்ச்சியோடு தம் குரு பெர்சீலியசுக்கு எழுதினார். உயிர்ப்பொருள்களை உண்டாக்க ஒரு தனி உயிர்விசை தேவை என்ற கொள்கை அன்றே வீழ்ந்துவிட்டதாகச் சிலர் எழுதுவர். அப்படியன்று, அது சிறிது சிறிதாகவே தளர்ந்தது. 1845-ல் அசெட்டிக் அமிலத்தைத் தனிமங்களிலிருந்து தொடங்கிச் செய்து காட்டிய கோல்பே, வோலரின் மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது.

வோலரின் வாழ்வில் மறக்க முடியாதவர் லீபிக். இவர்களின் நட்பு ஒரு சிக்கலில் தொடங்கியது. வோலர் ஆராய்ந்த சில்வர் சயனேட்டும், லீபிக் ஆராய்ந்த வெடிக்கும் தன்மையுள்ள சில்வர் பல்மினேட்டும் ஒரே இயைபைக் கொண்டிருந்தன. அப்படியானால் ஒருவருடைய பகுப்பாய்வு தவறாக இருக்க வேண்டும் என்றே எவரும் நினைப்பர். இருவரும் நேரில் பேசினர். ஆய்வைத் திரும்பச் செய்தனர். இருவர் கணக்கும் சரியாகவே இருந்தது. மாற்றியம் என்று நாம் இன்று படிக்கும் கருத்து இதன் வழியே பிறந்தது. பகையாக முடிந்திருக்க வேண்டியது வாழ்நாள் நட்பாக முடிந்தது.

லீபிக் முன்கோபக்காரர்; வோலர் சாந்தமானவர். ஒருமுறை லீபிக் மற்றொரு அறிஞருடன் மல்லுக்கு நின்றபோது வோலர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1900-ஆம் ஆண்டில் நாம் எல்லோரும் கரியமில வாயுவாகவும் நீராகவும் அம்மோனியாவாகவும் கலைந்து போயிருப்போம், இந்தச் சண்டையை அப்போது யார் நினைக்கப்போகிறார்கள் என்பதே அதன் கருத்து. வேதியியலைக் கொண்டே கோபத்தைத் தணித்தவர் வேறு யாரும் உண்டா!

1831-ல் பெர்லினில் காலரா பரவிய காலத்தில் வோலர் காசல் நகருக்குக் குடும்பத்துடன் சென்றார். மறு ஆண்டே அவருடைய மனைவி பிரான்சிஸ்கா காலமானார். இரண்டு சிறு குழந்தைகளுடன் நிலைகுலைந்து நின்றவரை லீபிக் தம்மிடம் அழைத்துக்கொண்டார். துக்கம் மறக்க ஒரு வேலை வேண்டும் என்று, கசப்பு வாதுமை எண்ணெயை இருவரும் சேர்ந்து ஆராய்ந்தனர். அந்த ஆய்வில்தான் பென்சாயில் தொகுதி கண்டறியப்பட்டது. கரிமச் சேர்மங்களில் ஒரு தொகுதி பல வினைகளிலும் சிதையாமல் நிற்கும் என்னும் உண்மை இப்படி ஒரு துயரத்தின் நடுவே வெளிவந்தது.

ஆசிரியர் வோலர்

1836-ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகம் வோலரைப் பேராசிரியராக ஏற்றது. 1882 செப்டம்பர் 23-ல் இறக்கும்வரை அவர் அங்கேயே இருந்தார். ஆயிரக்கணக்கான மாணவர்கள் அவரிடம் பயின்றனர். கடல் கடந்து அமெரிக்காவிலிருந்தும் வந்தனர். துத்தநாகமும் கால்சியமும் கலந்த உலோகக் கலவையைக் கரியுடன் மிகுந்த வெப்பத்தில் சூடாக்கி, 1862-ல் கால்சியம் கார்பைடைப் பெற்று, அது நீருடன் சேர்ந்தால் அசெட்டிலீன் வருவதைக் கண்டவரும் அவரே. நம் ஊர்த் திருவிழாக்களில் முன்பு எரிந்த கார்பைடு விளக்குகளை முதியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

அலுமினியத்தின் கதை இதற்குள் வளர்ந்திருந்தது. பிரான்சில் டெவில் என்னும் வேதியியலர் விலை மிகுந்த பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சோடியத்தைப் பயன்படுத்தி, அலுமினியத்தைக் கட்டிகளாகவே செய்தார். 1855-ல் பாரிஸ் பொருட்காட்சியில் அவை வைக்கப்பட்டன. புகழ் முழுவதையும் டெவில் எடுத்துக்கொண்டிருக்கலாம். அவரோ தாம் செய்த அலுமினியத்திலேயே ஒரு பதக்கம் வார்த்து, அதில் வோலரின் பெயரையும் 1827 என்ற ஆண்டையும் பொறிக்கச் செய்தார். பிறகு இருவரும் நண்பர்களாகிப் போரான், சிலிக்கன் ஆகியவற்றைச் சேர்ந்தே ஆராய்ந்தனர்.

ஆயினும் அலுமினியம் பணக்கார உலோகமாகவே இருந்தது. 1884-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பெருமைக்காக வைக்கப்பட்டது ஓர் அலுமினியக் கூம்பு. அதன் எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. வோலர் மறைந்து அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோட்டிங்கனில் பயின்று வோலரை அறிந்த ஜூவெட் என்னும் அமெரிக்கர், தம் நாட்டில் ஓபர்லின் என்ற சிறு கல்லூரியில் பேராசிரியரானார். அலுமினியத்தை மலிவாகச் செய்பவன் உலகுக்குப் பெருநன்மை செய்தவனாவான் என்று வகுப்பில் மாணவர்களிடம் சொல்லிவந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாணவர்களுள் ஒருவர் சார்லஸ் மார்ட்டின் ஹால். 1886-ல், இருபத்து மூன்று வயதுகூட முழுதாக நிரம்பாத நிலையில், வீட்டை ஒட்டிய கொட்டகையில் உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் செலுத்தி அலுமினியத்தைப் பெற்றார். அவருக்குத் துணை நின்றவர் தாமும் வேதியியல் படித்த அக்கா ஜூலியா. அதே ஆண்டில் பிரான்சில் ஹெரௌல்ட்டும் தனியே அதைக் கண்டார். அன்று முதல் அலுமினியத்தின் விலை சரியத் தொடங்கியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1890-களில் ஜெர்மானியரான ஹான்ஸ் கோல்ட்ஸ்மிட், அலுமினியத் தூளையே ஒடுக்கியாகப் பயன்படுத்தி இரும்பு ஆக்சைடிலிருந்து இரும்பைப் பிரித்தார். ஒரு காலத்தில் பொட்டாசியத்திடம் குளோரினைப் பறிகொடுத்த அதே அலுமினியம், இப்போது இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பறித்தது. அந்த வினையில் எழும் வெப்பத்தில் இரும்பு நீராய் ஓடும். நம் நாட்டு இரயில்வேயிலும் தண்டவாளத் துண்டுகளை ஒன்றாக ஒட்டவைக்க இம்முறையைக் கையாள்கிறார்கள்.

இதனால் என்ன பயன்?

என் தந்தையார் மிதிவண்டியில் ஊர் ஊராகச் சென்று அலுமினியப் பாத்திரம் விற்பவர். நசுங்கிய பழைய பாத்திரங்களை எடைக்கு எடுத்துக்கொண்டு புதியது தருவார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தூக்குவாளியைக் கையில் வாங்கிய உடனே எடையைச் சொல்லிவிடுவார். சென்ற விடுமுறையில், இந்தப் படிப்பைப் படித்தால் என்ன கிடைக்கும் என்று என்னைக் கேட்டார். குறையாகக் கேட்கவில்லை, கணக்குத் தெரிந்த மனிதர் கணக்குக் கேட்டார். வேலை உறுதி என்று நான் எப்படிச் சொல்வது? வோலரின் தூளைப் பற்றிச் சொன்னேன். அவர் தினமும் தூக்கிச் செல்லும் இந்தப் பொருள் ஒரு காலத்தில் மன்னர்களும் எளிதில் வாங்க முடியாததாக இருந்தது என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த மனிதர் தூளை வைத்துக்கொண்டு பதினெட்டு வருடம் என்ன செய்தார் என்று மட்டும் கேட்டார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார் என்றேன். தந்தையார் தலையை அசைத்தார்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன விடைதான் வோலர் வாழ்க்கையின் சாரம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. 1827-ல் அந்தத் தூளை எந்தச் சந்தையிலும் விற்க முடியாது. அதனால் ஒரு கரண்டிகூடச் செய்ய முடியாது. இருந்தும் அவர் அதைத் துல்லியமாக ஆராய்ந்து எழுதி வைத்தார். எழுதியதை டெவில் படித்தார். வோலரை அறிந்த ஒருவர் தம் வகுப்பில் சொன்னார். அவருடைய மாணவர் செய்து முடித்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், மூன்று நாடுகள், பல கைகள்.

நண்பர்களே! நம் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்யும்போது, வெண்ணிற வீழ்படிவு ஒன்று வந்து அலுமினியம் என்று எழுதுகிறோம். அடுத்த முறை அதனை எழுதும்போது ஒரு நொடி நின்று பாருங்கள். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் கம்பியால் கட்டிய ஒரு மூசை கனன்றுகொண்டிருக்கிறது. நாம் பெறும் முடிவு சிறியதாக இருக்கலாம். இன்றைக்கு எதற்கும் உதவாததாகவும் இருக்கலாம். அதைச் சரியாகச் செய்து, சரியாக எழுதி, அடுத்தவர் கையில் ஒப்படைப்பது நம் கடமை. உலோகமாக்குபவர் பின்னால் வருவார்.